மிதமாகக் குடித்தால் சர்க்கரை நோய் வராதா?

 



இன்றைய ஜும்ஆவில் மதுவையும் சர்க்கரை நோயையும் சேர்த்துப் பேசப் போகிறோம். "மது ஹராம் என்று மதரஸா பிள்ளைக்கும் தெரியுமே, இதைப் பள்ளிவாசலில் புதிதாகப் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். ஹராம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அண்மைக் காலமாக நம் இளைஞர்களின் கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. மிதமாக மது அருந்துவோருக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் ஆபத்து குறைவு என்று வெளிநாட்டு ஆய்வு கண்டுபிடித்திருக்கிறதாம். "ஹஜ்ரத், இது உண்மையா?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் குடிக்க ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் அல்லர். அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் நண்பர் கேட்டிருப்பார், பதில் தெரியாமல் நின்றிருப்பார்கள்.

"எல்லாம் பொய், மது வியாபாரிகளின் சூழ்ச்சி" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படிச் சொல்வது எளிது. ஆனால் அந்த இளைஞர் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்ப்பார். அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே இருப்பதைக் காண்பார். அதன் பிறகு மிம்பரிலிருந்து சொல்லப்படும் எதையும் அவர் நம்பத் தயங்குவார். ஆகவே உள்ளதை உள்ளபடி பார்ப்போம்.

குர்ஆன் பயனை மறைக்கவில்லை

அல்பகரா அத்தியாயத்தின் 219-வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். மதுவையும் சூதாட்டத்தையும் பற்றி மக்கள் நபியவர்களிடம் கேட்டார்கள். அதற்கு இறங்கிய பதிலின் கருத்து இதுதான்: அவ்விரண்டிலும் பெரும் பாவம் இருக்கிறது, மனிதர்களுக்குச் சில பயன்களும் இருக்கின்றன, ஆனால் பாவம் பயனை விடப் பெரியது.

மதுவில் எந்தப் பயனும் இல்லை என்று அல்லாஹ் சொல்லவில்லை. வியாபாரிக்கு லாபம், குளிருக்குச் சூடு, விருந்தில் கலகலப்பு என்று அன்றைய அரபுகள் நினைத்திருந்த பயன்களை முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள். பயன் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தராசை நம் கையில் கொடுக்கிறது வேதம். பிறகு போதையுடன் தொழுகையை நெருங்கக் கூடாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 43-வது வசனமும், முழுமையாகத் தடை செய்து அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-வது வசனங்களும் இறங்கின.

எனவே நாளைக்கு ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையம் மதுவில் இன்ன பயன் இருக்கிறது என்று அறிவித்தால் ஒரு முஸ்லிமின் ஈமான் ஆட வேண்டியதில்லை. பயன் இருக்கலாம் என்று 1,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டாயிற்று. கேள்வி எடையைப் பற்றியது. அந்த எடையை இன்று சர்க்கரை நோய் விஷயத்தில் போட்டுப் பார்ப்போம்.

ஆய்வு உண்மையில் என்ன சொன்னது?

2015-ஆம் ஆண்டு 'டயாபடீஸ் கேர்' என்ற மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 38 ஆய்வுகள், 19 லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள். நாளொன்றுக்கு 10 முதல் 14 கிராம் வரை ஆல்கஹால் உட்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 18 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. இதுதான் கைப்பேசியில் சுற்றுகிற செய்தி. 2017-இல் டென்மார்க்கிலிருந்து வந்த மற்றோர் ஆய்வும் வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் குடிப்பவர்களிடம் இது போன்ற குறைவைக் கண்டது. இவை கட்டுக்கதைகள் அல்ல.

ஆனால் செய்தியை அனுப்பியவர் அந்த 2015 ஆய்வின் முடிவுரையை முழுதாகப் படிக்கவில்லை. அதை எழுதிய ஆய்வாளர்களே இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, இந்தக் குறைவு பெண்களிடமும் ஆசியர் அல்லாதவர்களிடமும் மட்டுமே இருக்கக்கூடும். அதாவது ஆண்களிடமும் ஆசிய மக்களிடமும் அந்தப் பயன் தென்படவில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு அனுப்பி, "பார்த்தாயா, நமக்கு நல்லது" என்கிறார்! அவர் கையில் வைத்திருக்கும் ஆதாரமே அவரை விலக்கி வைத்திருக்கிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் நுட்பமானது. குடிப்பவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள்? குடிக்காதவர்களோடு. அந்தக் குடிக்காதவர்கள் யார்? வாழ்நாளில் தொடாதவர்களும் உண்டு. முன்பு நிறையக் குடித்து, உடம்பு கெட்டு, டாக்டர் எச்சரித்ததால் நிறுத்தியவர்களும் அதில் உண்டு. ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் மஹல்லாவில் பள்ளிக்கு நடந்து வருபவர்கள் ஒரு பட்டியல், வராதவர்கள் ஒரு பட்டியல் என்று எடுத்து, இரு பக்கத்தாரின் உடல்நலத்தையும் ஒப்பிட்டால் என்ன தெரியும்? வராதவர்களிடம் நோய் அதிகம் என்று தெரியும். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தப் பட்டியலில்தானே இருப்பார்கள்! வராததால் அவர்களுக்கு நோய் வரவில்லை, நோயால்தான் வர முடியவில்லை. அதே போல, நோயால் குடியை விட்டவர்களைக் 'குடிக்காதவர்' கணக்கில் சேர்த்தால், அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரிவார். அந்தப் பயன் உள்ளதை விடக் கூடுதலாக மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. கிழக்கு ஆசியாவில் பலருக்குப் பிறவியிலேயே மரபணு அமைப்பு வேறு. கொஞ்சம் மது உள்ளே போனாலே முகம் சிவந்து, குமட்டும். அதனால் அவர்கள் குறைவாகவே குடிப்பார்கள். இந்த மரபணுவை வைத்துச் சீனாவில் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. அது சர்க்கரை நோயைப் பற்றியது அல்ல, பக்கவாதத்தைப் பற்றியது. ஆனால் நம் விஷயத்துக்குப் பாடம் தருகிறது. வழக்கமான கணக்கில் மிதமாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவு போலத் தெரிந்தது. மரபணுவை வைத்துக் கணக்கிட்டபோது அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது. குடிக்கக் குடிக்க ரத்த அழுத்தமும் பக்கவாத ஆபத்தும் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறிய அளவு ஆல்கஹால் இன்சுலினின் வேலைத் திறனைச் சற்றுக் கூட்டுவதாகச் சில சோதனைகள் காட்டியுள்ளன, குறிப்பாகப் பெண்களிடம். வசனம் சொன்ன சில பயன்கள் என்பதில் இதையும் யாராவது சேர்த்துக்கொள்ளட்டும். நாம் சண்டைக்குப் போகவில்லை. தராசின் அடுத்த தட்டைப் பார்ப்போம்.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

பயன் என்று சொல்லப்பட்ட அளவு 10 முதல் 14 கிராம். நம் ஊர்க் கடையில் என்ன விற்கிறது? 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம்தான். அங்கே நம்மவர்கள் கேட்டு வாங்குவது குவார்ட்டர், அதாவது 180 மில்லி. பிராந்தியோ, விஸ்கியோ, ரம்மோ, லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும்.

கணக்குப் போடுங்கள். 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு மில்லி ஆல்கஹால் 0.79 கிராம் எடை. ஆக, ஒரு குவார்ட்டரில் 60 கிராம்!

வெளிநாட்டு ஆய்வு பேசிய 'மிதம்' இந்தப் பாட்டிலில் எவ்வளவு? 30 முதல் 40 மில்லி. மருந்து பாட்டிலோடு வருகிற சின்ன மூடியில் இரண்டு, மூன்று மூடி. பாட்டிலைத் திறந்து அவ்வளவு மட்டும் அளந்து குடித்துவிட்டு, மீதியை வைத்து ஐந்து நாள் ஓட்டுகிற ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா? பாட்டில் திறந்தால் முடிந்துவிடும். வாரக் கூலி வாங்கிய சனிக்கிழமை இரவில் ஒன்று போதாமல் இரண்டாவதும் வரும்.

இன்னும் கேளுங்கள். 2009-இல் அதே 'டயாபடீஸ் கேர்' இதழில் வந்த வேறொரு தொகுப்பாய்வு, ஆண்களுக்கு எந்த அளவைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகிறது என்று பார்த்தது. நாளொன்றுக்கு 60 கிராமைத் தாண்டினால் சர்க்கரை நோயின் ஆபத்து கூடத் தொடங்குகிறது. பெண்களுக்கு 50 கிராமிலேயே. அங்கே அவர்கள் ஆபத்தின் எல்லை என்று கோடு போட்ட இடத்தில்தான் நம் ஊர்க் குவார்ட்டர் நிற்கிறது. எந்தத் தட்டு கனக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதிகமாக எது போதை தருமோ அதில் கொஞ்சமும் ஹராம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் அந்த ஹதீஸ் உண்டு. கொஞ்சம் என்பது கொஞ்சத்தில் நிற்காது என்பதை மனிதனைப் படைத்தவன் அறிவான்.

வயிற்றுக்குள் நடப்பது

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. அரிசி, சர்க்கரை போன்ற மாவுச்சத்தில் 4, கொழுப்பில் 9. குவார்ட்டர் ஒன்றில் மட்டும் 400 கலோரிக்கு மேல். ஏறக்குறைய ஆறு இட்லிக்குச் சமம், ஆனால் பசி அடங்காது, கூடும். அதனோடு வறுத்த கறி, சிக்கன் அறுபத்தைந்து, கடைசியாகப் பரோட்டா. இத்தனையும் இரவு பதினொரு மணிக்கு. கல்லீரல் மதுவை நஞ்சாகவே நடத்துகிறது, மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து அதை முதலில் எரிக்கப் பார்க்கிறது. எரிக்க வேண்டிய கொழுப்பு கல்லீரலிலேயே தங்கிப்போகும். கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு அது திறந்த வாசல்.

நமக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. இந்தியர்களின் உடல்வாகு, கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வது. அதனால்தான் இங்கே ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மேலை நாட்டவர்க்கு வைத்திருக்கும் அளவை விட இது குறைவு.

அடுத்து, கணையம். இன்சுலின் சுரக்கும் இடம் அதுதான். ஆண்டுக்கணக்கில் நிறையக் குடிப்பவர்களுக்குக் கணையம் வீங்கும். மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பாயும். ஒரு முறை வந்து, சரியாகி, மறுபடி குடித்து, மறுபடி வந்து, கடைசியில் கணையம் சுண்டிப்போகும். இன்சுலின் சுரக்கும் செல்களும் அதோடு போய்விடும். மருத்துவர்கள் இதை இரண்டாம் வகையில் சேர்ப்பதில்லை, தனி வகையாகவே வைக்கிறார்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, அந்த மனிதர் பல நேரங்களில் ஊசியோடுதான் வாழ வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணையத்தில் கல் என்று கேள்விப்பட்டவுடன், "ஓஹோ, ரகசியமாகக் குடித்திருப்பார்" என்று பேசிவிடாதீர்கள். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் ஒரு சொட்டு மதுவும் தொடாதவர்களுக்கு, இளம் பிள்ளைகளுக்குக் கூட, கணையத்தில் கல் உண்டாகிச் சர்க்கரை நோய் வருவதுண்டு. மருத்துவ நூல்களில் அது பதிவான நோய். தப்பெண்ணம் கொள்வதும் பாவம்தான்.

புற்றுநோயைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இல்லை. 1988-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவை முதல் தரப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் அறிவித்தது.

"குடித்த மறுநாள் சுகர் குறைகிறதே!"

இதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் பேச்சு. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்து, குடியும் இருப்பவர்களிடம் இதைக் கேட்கலாம். "பீரில்தான் சர்க்கரை இருக்கு, பிராந்தியில் இல்லை. குடிச்ச மறுநாள் காலையில் வெறும் வயித்தில் பார்த்தேன், சுகர் குறைஞ்சிருந்துச்சு." பிராந்தியில் சர்க்கரைச் சத்து இல்லை என்பது சரி. காலையில் மீட்டரில் எண் குறைந்தது என்பதும் சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் குறைவு குணம் அல்ல, ஆபத்து.

நாம் தூங்கும்போது மூளைக்கும் இதயத்துக்கும் சர்க்கரை தேவை. சாப்பிடாத நேரத்தில் கல்லீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை உருவாக்கி ரத்தத்தில் விடுகிறது. அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் ஏற்பாடு அது. மது உள்ளே இருக்கும்போது கல்லீரல் அதை எரிப்பதில் மூழ்கிப்போய், புதிதாகச் சர்க்கரை உருவாக்கும் வேலை முடங்கிவிடுகிறது. கிணற்றில் ஊற்று அடைபட்டதால் தண்ணீர் இறங்குகிறது. அதைப் பார்த்து வெள்ளம் வடிந்தது என்று மகிழலாமா?

அவர் இன்சுலின் போட்டிருந்தாலோ, கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை விழுங்கியிருந்தாலோ நிலைமை மோசம். மாத்திரை சர்க்கரையைக் கீழே இழுக்கும், மது கல்லீரலைக் கட்டிப்போடும், போதையில் சாப்பிடாமலே படுத்திருப்பார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். குடித்த உடனேதான் என்றில்லை, அடுத்த 24 மணி நேரம் வரை இது நடக்கலாம். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் வேறு.

சர்க்கரை குறைந்தவர் எப்படி இருப்பார் தெரியுமா? உடல் வியர்க்கும், கை நடுங்கும், நாக்கு குழறும், தள்ளாடுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார், கோபப்படுவார். போதையில் இருப்பவர் எப்படி இருப்பார்? அதே மாதிரிதான்! அவரிடம் மதுவின் வாடையும் வருகிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "குடித்துவிட்டு வந்திருக்கிறார், தூங்கட்டும், விடியட்டும்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கோபத்தில் சாத்தும் கதவு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிலருக்கு அந்த இரவு விடிவதில்லை.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் குடித்துவிட்டு வந்து வியர்த்துக் குழறினால், முதலில் வீட்டில் மீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டரே இல்லாவிட்டால், விழுங்கும் நிலையில் இருக்கிறாரா என்று பாருங்கள். விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். தெளிந்த பின் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், இரவில் மறுபடியும் எழுப்பிப் பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் சர்க்கரை மருந்து சாப்பிடுகிறார், குடித்தும் இருக்கிறார் என்று இரண்டையும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மானம் பார்க்காதீர்கள்.

மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

மானம் என்றதும் இன்னொன்று. தொப்பி போட்டுக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்கிறார். பக்கத்தில் மனைவி, மகன். "இல்லை" என்கிறார். டாக்டரும், "முஸ்லிம் பெயர், இருக்காது" என்று கேட்காமலே விட்டுவிடுவதும் உண்டு. அந்த ஒரு பொய்யை நம்பித்தான் மாத்திரை எழுதப்படுகிறது. கால் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னால், சர்க்கரையால் வந்ததா, மதுவால் வந்ததா, இரண்டும் சேர்ந்ததா என்று டாக்டருக்குத் தெரியாது.

தன் பாவத்தைத் தானே ஊரெல்லாம் பறைசாற்றுபவனைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். புகாரியில் அந்த ஹதீஸ் இருக்கிறது. அல்லாஹ் மறைத்துவைத்ததை நாம் திறந்து காட்டக் கூடாது, உண்மைதான். ஆனால் சிகிச்சைக்காக மருத்துவரிடம் தனியே சொல்வது பறைசாற்றுவது ஆகாது. உயிரைக் காப்பது கடமை. உங்கள் கரங்களாலேயே உங்களை அழிவில் தள்ளிவிடாதீர்கள் என்ற கருத்து அல்பகரா 195-வது வசனத்தில் இருக்கிறது. குடும்பத்தார் முன் சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டர், ஒரு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். தருவார்கள்.

ரமளான் வந்தால் நம்மில் சிலர் முப்பது நாளும் தொடாமல் இருந்து, பெருநாள் முடிந்ததும் பழைய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் கேலி செய்கிறோம். நான் அதை நம்பிக்கையாகப் பார்க்கிறேன். முப்பது நாள் விட முடிந்தவருக்கு முப்பத்தொன்றாவது நாள் முடியாதது அல்ல. ஆனால் தினமும் காலையிலிருந்தே குடிக்கும் நிலைக்குப் போய்விட்டவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. தவ்பாவும் சிகிச்சையும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல.

இப்படிப்பட்டவரை ஜமாஅத் எப்படி நடத்த வேண்டும்? நபியவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்ற ஒருவர் இருந்தார். ஹிமார் என்ற பட்டப்பெயரால் அழைக்கப்பட்டவர். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டனையும் பெற்றவர். மறுபடியும் கொண்டுவரப்பட்டார். அங்கிருந்த ஒருவர், எத்தனை முறைதான் இவன் கொண்டுவரப்படுகிறான் என்று சபித்தார். நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்ற கருத்தில் சொன்னார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் உள்ளது. குற்றம் குற்றம்தான், தண்டனையும் நின்றுவிடவில்லை. ஆனால் மனிதரைத் தூக்கி எறியவில்லை.

மது மருந்துக்காகத்தான் என்று சொன்னவருக்கும் பதில் உண்டு. தாரிக் பின் சுவைத் (ரலி) அவர்கள் மருந்துக்காக மது தயாரிப்பதாகச் சொன்னபோது, அது மருந்தல்ல, நோய் என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னதாக முஸ்லிமில் வருகிறது. சர்க்கரை நோயாளிக்கு இதை விடப் பொருத்தமான பதிலை நான் காணவில்லை.

குடிக்காத நமக்கு ஏன் சர்க்கரை?

இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டு கேட்ட சகோதரர்கள் இப்போது கொஞ்சம் கவனிக்க வேண்டும். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட பட்டியலில் உலகிலேயே சர்க்கரை நோய் விகிதம் அதிகமான நாடு எது? பாகிஸ்தான். பெரியவர்களில் 30.8 சதவீதம். குவைத் 24.9 சதவீதம். முஸ்லிம்களுக்கு மதுவைச் சட்டத்தால் தடுத்த நாடுகள்! இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், அதற்கு முந்தைய நிலையில் 13 கோடியே 60 லட்சம் பேர் இருப்பதாகவும் 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கணக்கிட்டது. குடியை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது.

நம் வலிமாக்களைப் பாருங்கள். நெய்ச்சோறு, அல்லது பிரியாணி, கூடவே பிர்னியோ தம்ரூட்டோ, கையில் குளிர்பானப் பாட்டில். ஒரு நாளைக்கு ஐந்தாறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. இஃப்தாரில் சர்பத்தும் ரோஸ்மில்க்கும். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்துள்ள அல்அஃராஃப் 31-வது வசனம் ஹலாலான உணவைப் பற்றித்தான் பேசுகிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபியவர்கள் பிரித்துக் கொடுத்ததும் ஹலாலான சாப்பாட்டுக்குத்தான். ஹராமை விட்டவன் என்ற நிம்மதியில் ஹலாலை அளவில்லாமல் சாப்பிட்டால் கணையத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதற்கு வழி இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்தார்கள். வெறும் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சுமார் மூன்று ஆண்டுகளில் நோய் வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. நம் ஊர் மக்கள், நம் ஊர்ச் சாப்பாடு, அதிலேயே இந்தப் பலன் கிடைத்திருக்கிறது.

30 வயது கடந்தவர்கள் அனைவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்து, மறு பரிசோதனையிலும் அப்படியே வந்தால் சர்க்கரை நோய் என்று பொருள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். நடக்க முடியாத முதியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: ஜும்ஆ முடிந்து பள்ளி வளாகத்தில் ஒரு பரிசோதனை முகாம் நடத்துங்கள், பெண்களுக்குத் தனி இடத்தோடு. அங்கே மருத்துவரிடம் தனியாகப் பேச ஒரு சிறிய அறையும் ஒதுக்கிவையுங்கள். யார் எதற்காக உள்ளே போகிறார் என்று யாரும் கேட்க வேண்டாம்.

யா அல்லாஹ்! நோயுற்றிருக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! மதுவில் சிக்கியிருப்பவர்களுக்கு வெளியே வரும் வழியை எளிதாக்குவாயாக! அவர்களின் வீட்டில் விழித்திருக்கும் தாய்மார்களுக்கும் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் நிம்மதியைத் தருவாயாக! ஆமீன்.